பதினொரு விநாடி

நிறம் என்ன வேணும் என்றுதான்
முதலில் கேட்டான் கடைப் பொடியன் ஜெஸீல்.
மட்டக்களப்பு, திருகோணமலை வீதி, மாடிக் கடை.
கண்ணாடி அலுமாரிக்குள்
ஹெட்போன் மாட்டிய வெள்ளைத் தலைகள்.
ஒன்றுக்கும் காது இல்லை.

கல்முனையில் பஸ் ஏறும்போதே
நான் நினைத்து வந்தது நிறத்தை அல்ல,
ஓர் எழுத்தை.

போன மாதம் வரை என்னிடமும் ஓர் அழகி இருந்தாள்.
ரோஜாத் தங்க நிறம், பெருநாள் காசில் வாங்கியது.
வீடியோக் கூட்டங்களில் கறுப்பு முக்காட்டின் மேல் அவள் மின்ன,
கொழும்பிலிருந்து சுலோஜனா எழுதுவாள்:
'சில்மியா, முடி சூட்டிட்டியா?'
நானும் தலையைச் சற்றுத் திருப்பி உட்காருவேன்.
பொய் சொல்ல மாட்டேன்,
பிடித்திருந்தது.

காணி விசாரணைப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத்
தட்டெழுதுவது என் தொழில். நிமிடக் கணக்கில் கூலி.
மின்விசிறி, இருமல்,
பிளாஸ்டிக் கதிரை இழுபடும் கிறீச்சு,
இவற்றுக்கிடையே நழுவும் சொல்லை
வெறுங்கையால் விரால் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும்.

அழகிக்கோ முழக்கம்தான் பிரியம்.
யார் பேசினாலும் அடியில் ஒரு மத்தளம் வைப்பாள்.
'வாய்க்காலுக்கு அங்கால இல்ல'
என்று எழுதி அனுப்பினேன்.
அந்த மனிதர் சொன்னது
'வாய்க்காலுக்கு அங்கால எல்ல.'

இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில்
இரண்டு ஏக்கர் வயல் கிடந்திருக்கிறது.
வாசித்துக் காட்டியபோது
வட்டைவிதானை கத்தினாராம்.
சொன்னவர் கத்தவில்லையாம்,
எழும்பி வெளியே போனாராம்.

ஆகவே தம்பி, நிறத்தை விடு.
போனில் அந்தப் பதினொரு விநாடி இருக்கிறது,
எல்லாவற்றிலும் போட்டுக் காட்டு.

'எல்லாரும் பாட்டுப் போட்டுத்தான் பாப்பாங்க, ராத்தா.
நீங்க ஆரோ இருமுறதப் போடுறீங்க.'

நீலம்: இல்லை.
வெள்ளை: இல்லை.
சிவப்பு: இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒன்று.
நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வந்த விலைகூடியதும்
இல்லை என்றுதான் சொன்னது,
இன்னும் கொஞ்சம் இனிமையாக.

கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான்.
எடுக்கவே கூச்சப்பட்டான்.
கருவாட்டுச் சாம்பல்.
காதுக்கொரு சிரட்டை. வயரோ கிணற்றுக் கயிறு.
'நல்ல சாமான்தான். மூஞ்சப் பாத்துட்டு
ஆரும் எடுக்கிற இல்ல.'

முக்காட்டைத் தளர்த்தி உள்ளே மாட்டினேன்.

எ.

தாடை இறங்கி,
வெற்றிலை ஒதுக்கிய கன்னம் எதுவென்றுகூடத் தெரிய,
எல்ல
என்றார் அவர்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
எட்டாவது விநாடியில், அவருக்கு மிக அருகில்
ஒரு பெண், மூச்சளவு குரலில்:
'சொல்லிப்போடாதீங்க.'

முப்பது தடவையாவது கேட்ட பதிவு.
அப்படி ஒருத்தி அந்த அறையில் இருந்ததே
எனக்குத் தெரியாது.

முப்பத்தோராயிரம். ஆயிரம் குறைத்தான்.
கல்லடிப் பாலத்தைக் கடக்கையில் கண்டக்டர்
மிச்சக் காசு தர மறந்து
என் தலையையே பார்த்தான்.
முக்காட்டுக்குள் இரண்டு கொம்பு முளைத்தவள்
வயலைப் பார்ப்பதுபோல்
ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'வடிவு முக்கியமில்லையா அப்ப?'
இரவு சுலோஜனா கேட்டாள்.
முக்கியம்தான்.
கூட்டங்களுக்கு இன்னமும் அழகியே வருகிறாள்,
சார்ஜ் இல்லாமல், எதுவும் கேளாமல்,
பார்க்கிறவர்களுக்காக.
கேட்பதற்கு இந்தச் சிரட்டைகள்,
ஒருவர் கண்ணிலும் படாமல்,
காதுமடல் நோக.

திருத்திய பிரதி திரையில் திறந்திருக்கிறது.
எல்லை என்று மாற்றிவிட்டேன்.
அடுத்த வரிக்கும் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு:
விளங்காத குரலென்றால்
'தெளிவில்லை' என்று போடலாம்.
நேற்றென்றால் போட்டிருப்பேன்,
மனச்சாட்சியோடு.

இரவு ஒன்றரை.
பதினொரு விநாடி, மறுபடியும், மறுபடியும்.
'சொ' வரைக்கும் தட்டியிருக்கிறேன்.
பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு
அணைந்து அணைந்து எரிகிறது.